பிறை தேடும் கண்களுக்கு ஒரு கொப்பி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு ஹிஜ்ரி மாதமும் 29ஆம் நாள் மஃரிப் நேரத்தில் நாம் மேற்கு வானத்தைப் பார்க்கிறோம். கிழக்கு மாகாணத்தில் இருக்கும் நமக்குக் கடல் கிழக்கே. அதனால் பிறை பார்க்க வட்டைப் பக்கமோ, குளக்கட்டுக்கோ, வாவிக் கரைக்கோதான் போகிறோம். யாராவது கண்டால் பள்ளிவாசலுக்கு அறிவிக்கிறார்கள். தகவல் கொழும்பு பெரிய பள்ளிவாசல் வரை போகிறது. கண்டவரிடம் கேள்விகள் கேட்கப்படுகின்றன. எத்தனை மணிக்குக் கண்டீர்கள்? சூரியன் மறைந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம்? பிறையின் முனைகள் எங்கே பார்த்திருந்தன? எவ்வளவு நேரம் தெரிந்தது? உங்களோடு வேறு யார் கண்டார்கள்?

இந்தப் பதிவு பிறைக் கருத்து வேறுபாடு பற்றியதல்ல. அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாம் சொல்ல வருவது வேறு விடயம். மேலே உள்ள ஐந்து கேள்விகளைத்தான் வானியல் அறிஞர்களும் கேட்கிறார்கள். எரிவெள்ளி ஒன்றைக் கண்டேன், வால்வெள்ளி ஒன்றைக் கண்டேன் என்று உலகில் யார் சொன்னாலும் முதலில் கேட்கப்படுவது நேரம், திசை, உயரம், எவ்வளவு நேரம் தெரிந்தது, வேறு சாட்சி உண்டா என்பவைதான். மாதம் தவறாமல் வானம் பார்க்கும் பழக்கமும், சாட்சியை விசாரிக்கும் முறையும் நம் சமூகத்தில் ஏற்கனவே இருக்கின்றன. இல்லாதது ஒரு கொப்பி. கண்டதை எழுதி வைக்கும் கொப்பி.

எழுதி வைத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு ஒரு சரித்திரத்தைச் சொல்ல வேண்டும்.

*இரண்டு இப்ராஹீம்கள்*

ஹிஜ்ரி 289, அதாவது கி.பி. 902 ஒக்டோபர். வட ஆபிரிக்காவை ஆண்ட அக்லபித் வம்சத்து அமீர் இரண்டாம் இப்ராஹீம் இத்தாலியில் படையெடுப்பில் இருந்தபோது இறந்துபோனார். அதே மாதத்தில் ஓர் இரவு வானத்திலிருந்து எரிவெள்ளிகள் மழைபோலக் கொட்டின. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அமீர் மௌத்தானதற்காகத்தான் நட்சத்திரங்கள் விழுந்தன என்ற பேச்சு பரவியது. அந்த வருடத்துக்கே நட்சத்திரங்களின் வருடம் என்று பெயர் வந்தது.

இன்னொரு இப்ராஹீமின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தையாக இருக்கும்போதே மௌத்தானார். அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. பிள்ளையின் மரணத்துக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வேதனையிலும் நபியவர்கள் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. யாருடைய இறப்புக்கோ பிறப்புக்கோ கிரகணம் நிகழ்வதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தொழச் சொன்னார்கள், வதந்திக்கு இடம் கொடுக்கவில்லை.

அப்படியிருந்தும் 270 வருடங்களுக்குப் பிறகு வட ஆபிரிக்காவில் மக்கள் பழையபடி மரணத்தையும் வானத்தையும் முடிச்சுப் போட்டார்கள். ஆனால் அந்த வரலாற்று ஆசிரியர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நடந்ததைக் காலத்தோடு எழுதி வைத்தார்கள்.

300 வருடங்கள் கழித்து, ஹிஜ்ரி 599 முஹர்ரம் மாதத்தின் இறுதி இரவில், அதாவது கி.பி. 1202 ஒக்டோபரில், மீண்டும் அதேபோன்ற காட்சி. விடியும் வரை எரிவெள்ளிகள் பறந்தன. மக்கள் பயந்து அழுது பிரார்த்தித்தார்கள். அதையும் அரபு வரலாற்று ஆசிரியர்கள் எழுதினார்கள். மாதமும் இரவும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் அதில் இருக்கின்றன.

*நியூ ஹேவனில் ஓர் அறிவித்தல்*

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1833 நவம்பர் 13 அதிகாலை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுவதும் மக்கள் படுக்கையிலிருந்து எழுந்து வெளியே ஓடினார்கள். வானம் முழுக்க எரிவெள்ளிகள். மணிக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பிந்திய மதிப்பீடு. உலகம் முடியப் போகிறது என்று பலர் முழங்காலிட்டார்கள். லக்கோட்டா பழங்குடி மக்கள் வருடத்துக்கு ஒரு படமாகத் தங்கள் சரித்திரத்தைத் தோலில் வரைந்து வைப்பார்கள். அந்த வருடத்துக்கு அவர்கள் வரைந்தது விழும் நட்சத்திரங்களை.

நியூ ஹேவன் நகரில் யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட்டை அயலவர்கள் எழுப்பிவிட்டார்கள். விடியும் வரை பார்த்த அவர், உடனே ஊர்ப் பத்திரிகையில் தான் கண்டதை எழுதினார். கூடவே ஒரு வேண்டுகோள்: நீங்கள் கண்டதையும் எழுதி அனுப்புங்கள். மற்றப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. பல ஊர்களிலிருந்தும் சாதாரண மக்களின் கடிதங்கள் வந்து சேர்ந்தன.

கடிதங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு விடயம் தெளிவானது. எந்த ஊரிலிருந்து பார்த்தவர்களுக்கும் எரிவெள்ளிகள் சிங்க ராசியில் உள்ள ஒரே இடத்திலிருந்து புறப்படுவதுபோலத் தெரிந்திருக்கின்றன. வானம் நகர நகர அந்த இடமும் சிங்க ராசியோடு சேர்ந்தே நகர்ந்திருக்கிறது. அப்படியென்றால் இவை பூமியின் காற்றுக்குள் உண்டாகும் மின்னல் போன்றவை அல்ல. வெளியே விண்வெளியிலிருந்து வருபவை. அதுவரை அறிஞர்கள் பலர் எரிவெள்ளியை மழை, மின்னல் வரிசையில்தான் வைத்திருந்தார்கள்.

பின்னர் 1864இல் அதே யேல் கல்லூரியின் ஹியூபர்ட் நியூட்டன் என்ற பேராசிரியர் பழைய ஏடுகளைத் தேடினார். ஆப்பிளோடு பேசப்படும் நியூட்டன் அல்ல இவர், வேறு ஆள். சீன ஏடுகள், ஐரோப்பிய ஏடுகள், அரபு ஏடுகள் எல்லாவற்றிலுமாக 902 முதல் 1833 வரை இதே எரிவெள்ளி மழை 13 தடவைகள் பதிவாகியிருப்பதைக் கண்டார். முதல் பதிவு நம் நட்சத்திரங்களின் வருடம். 1202ம் பட்டியலில் இருந்தது. இந்த மழை ஏறத்தாழ 33.25 வருடங்களுக்கு ஒருமுறை உக்கிரமாகிறது என்று கணக்கிட்டார்.

தரம் 7 பிள்ளையும் இதைச் சரிபார்க்கலாம். 902க்கும் 1202க்கும் இடையில் 300 வருடங்கள். 33.25ஐ 9ஆல் பெருக்கினால் 299.25. 1202க்கும் 1833க்கும் இடையில் 631 வருடங்கள். 33.25ஐ 19ஆல் பெருக்கினால் 631.75. ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. அடுத்தது 1866 நவம்பரில் வரும் என்று நியூட்டன் சொன்னார். வந்தது. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள்.

அதே காலத்தில் டெம்பல், டட்டில் என்ற இருவர் கண்டுபிடித்த ஒரு வால்வெள்ளி 33 வருடங்களுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருவது தெரிந்தது. அது விட்டுச் செல்லும் தூசிக்குள் பூமி நுழையும்போதுதான் இந்த மழை. பெரும்பாலும் மணல் அளவுத் துகள்கள். செக்கனுக்கு சுமார் 71 கிலோமீற்றர் வேகத்தில் நம் வளிமண்டலத்தில் புகுந்து, சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் எரிந்து போகின்றன. எந்த நட்சத்திரமும் விழுவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். 902இல் அந்த மக்கள் சொன்ன விளக்கம் பிழை. ஆனால் பதிந்த காலம் சரி. விளக்கம் மறைந்துவிட்டது. பதிவு 960 வருடங்களுக்குப் பிறகு ஒரு விஞ்ஞானிக்குக் கைகொடுத்தது.

இதேபோல இன்னொன்று. 1006ஆம் ஆண்டு வானில் திடீரென்று ஒரு புதிய நட்சத்திரம் எரிந்தது. எகிப்தில் பாண் சுடுபவரின் மகனான அலீ இப்னு ரிழ்வான் அப்போது படிக்கத் தொடங்கியிருந்த வாலிபர். பிற்காலத்தில் பெரிய வைத்தியரானவர். அந்த நட்சத்திரம் எந்த ராசியில் நின்றது, வெள்ளிக் கிரகத்தைவிட எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிந்தது, மற்றக் கிரகங்கள் அப்போது எங்கே நின்றன என்று எழுதினார். அதற்கு அவர் கூறிய சோதிட விளக்கத்தை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வெடித்துச் சிதறிய அந்த நட்சத்திரத்தின் எச்சத்தை இருபதாம் நூற்றாண்டில் அடையாளம் காண உதவிய பழைய குறிப்புகளில் அவருடையதும் ஒன்று.

*விவசாயி, காவலாளி, தொழிலாளி, ஆசிரியர்*

வானியல் என்றால் பெரிய தொலைகாட்டி, பெரிய நாடு, பெரிய பட்டம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வால்வெள்ளிகளின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

ஹாலியின் வால்வெள்ளி 1758 வாக்கில் திரும்பி வரும் என்று எட்மண்ட் ஹாலி கணித்தார். அதைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். 1758 டிசம்பர் 25 இரவு அதை முதலில் கண்டவர் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகில் வயல் செய்த யோஹான் பாலிட்ஸ் என்ற விவசாயி. வேலை முடிந்த இரவுகளில் தானாகப் படித்தவர்.

பிரான்ஸின் மார்செய் வானாய்வு நிலையத்தில் வாசல் காவலாளியாகச் சேர்ந்தவர் ஜான் லூயி பொன்ஸ். அங்கிருந்தவர்களிடம் பார்க்கப் பழகி, 1801 முதல் மொத்தம் 37 வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தார்.

1963 ஜனவரியில் ஜப்பானில் பியானோ தொழிற்சாலையில் வேலை செய்த 19 வயது கவோரு இகேயா, தானே செய்த தொலைகாட்டியால் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். 1965 செப்டெம்பரில் இன்னொன்று. அதே அதிகாலையில் கிட்டார் கற்பிக்கும் சுதோமு செகி என்பவரும் வேறோர் ஊரிலிருந்து அதையே கண்டார். இகேயா-செகி என்ற அந்த வால்வெள்ளி 1965 ஒக்டோபரில் சூரியனை மிக நெருங்கியபோது பகல் வெளிச்சத்திலேயே தெரிந்தது. பிறகு விடியற்காலையில் கிழக்கு வானில் நீண்ட வாலோடு நின்றது. நம் பக்க வானிலும் தெரிந்திருக்கக்கூடிய காட்சி. வீட்டில் எழுபது வயது கடந்த மூத்தவாப்பா, மூத்தம்மா இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஸுபஹுக்கு எழும்பியபோது கிழக்கே வால்வெள்ளி கண்ட ஞாபகம் இருக்கிறதா என்று. இருந்தால் அதை எழுதி வையுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்குப் பிடித்தமானவர் ஜோர்ஜ் அல்கொக். இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்ற ஊரில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். பகலில் வகுப்பு, இரவில் வானம். முதலில் எரிவெள்ளிகளை எண்ணினார். 1953இல் வால்வெள்ளி தேடத் தொடங்கினார். ஆறு வருடங்கள் ஒன்றும் அகப்படவில்லை. 1959 ஓகஸ்ட் 25ஆம் திகதி ஒன்றைக் கண்டார். ஐந்து நாள் கழித்து இன்னொன்று! மொத்தம் ஐந்து வால்வெள்ளிகள், ஐந்து புது நட்சத்திர வெடிப்புகள். கடைசி வெடிப்பைக் கண்டபோது அவருக்கு வயது 78.

அவருடைய முறை எளிமையானது. பைனாகுலரை எடுத்து, நட்சத்திரங்களின் அமைப்பை மனப்பாடம் செய்தார். சுமார் 30,000 நட்சத்திரங்கள் என்று சொல்வார்கள். குர்ஆனை மனனம் செய்த ஹாபிழுக்கு ஓதலில் ஒரு ஹர்கத் மாறினாலும் காதில் படுவதுபோல, வானில் ஒரு புள்ளி கூடினாலும் அவருக்குக் கண்ணில் பட்டது. 1983 மே மாதம், வீட்டுக்குள்ளேயே மாடிப்படிக்கு அருகில் மண்டியிட்டு, மூடிய கண்ணாடி யன்னலூடாகப் பார்த்து ஐந்தாவது வால்வெள்ளியைக் கண்டார். அது சில நாட்களில் பூமிக்குச் சுமார் 47 லட்சம் கிலோமீற்றர் அருகில் கடந்து போனது. ஓர் இருநூறு வருடத்தில் அவ்வளவு அருகில் எந்த வால்வெள்ளியும் வந்ததாக அப்போது அறியப்பட்டிருக்கவில்லை.

*திருகோணமலையிலும் ஒருவர்*

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். பேர்சி மோல்ஸ்வர்த் 1867இல் கொழும்பில் பிறந்தவர். பிரித்தானிய இராணுவத்தின் பொறியியல் பிரிவு அதிகாரி. ஆட்சி அவர்களுடையது, வசதியும் அவர்களுக்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் வானம் பார்ப்பது அவருடைய உத்தியோகம் அல்ல. திருகோணமலையில் 12.5 அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வைத்துக்கொண்டு இரவிரவாக வியாழனைப் பார்த்து, அதன் மேகப் புள்ளிகள் கடக்கும் நேரங்களை ஆயிரக்கணக்கில் குறித்தார். 1901இல் வியாழனின் தென்பகுதியில் ஒரு பெரிய கருநிறக் குழப்பம் தோன்றுவதைக் கண்டு பதிந்தார். அது பல பத்தாண்டுகள் நீடித்து, அறிஞர்களால் பின்தொடரப்பட்டது. 1908இல் திருகோணமலையிலேயே இறந்தார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

மூதூர், கிண்ணியா பிள்ளைகள் பார்க்கும் அதே வானம்தான் அது.

*காணாததும் ஒரு தகவல்*

நம் காலத்துக்கு வருவோம். 1998இல் ஜோர்தானைச் சேர்ந்த முஹம்மத் ஷவ்கத் ஔதா என்பவர் இஸ்லாமியப் பிறை அவதானிப்புத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் பிறை பார்ப்பவர்கள் தங்கள் தகவலை அனுப்பலாம். முக்கியமான விடயம், கண்டவர் மட்டுமல்ல, தேடியும் காணாதவரும் அனுப்ப வேண்டும். வானம் தெளிவா, மேகமா, வெறும் கண்ணா, பைனாகுலரா எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். இப்படி வந்தவையும் பழைய பதிவுகளுமாக 737 அவதானிப்புகளை வைத்து, எந்த மாலையில் எந்த ஊரில் பிறை தெரியக்கூடும் என்று கணிக்கும் ஒரு அளவுகோலை அவர் உருவாக்கினார். வானியல் ஆய்விதழில் அது வெளியானது.

தேடியும் காணாத அந்த மாலைகள் இல்லாமல் அந்த அளவுகோல் இல்லை. எங்கே தெரியும், எங்கே தெரியாது என்ற எல்லைக்கோட்டைப் போடுவதற்கு இரு பக்கமும் வேண்டும். நாமோ, பிறை தென்படவில்லை என்றதும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். வருடத்துக்குப் பன்னிரண்டு மாலைகள், நாடெங்கும் நூற்றுக்கணக்கான கண்கள்! அவ்வளவும் எழுதப்படாமல் போகின்றன.

இதே ஔதாவின் பெயர் நம் நாட்டோடும் ஒருமுறை சேர்ந்து வந்தது. 2015 நவம்பர் 13 வெள்ளிக்கிழமை முற்பகல், விண்வெளிக் குப்பை என்று கருதப்பட்ட ஒரு பொருள் இலங்கையின் தென்கரையிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் அப்பால் கடலுக்கு மேலே வளிமண்டலத்தில் எரிந்தது. எத்தனை மணிக்கு, எங்கே என்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தது. அதைப் படம் பிடிக்க விஞ்ஞானிகளோடு ஒரு விமானம் வந்தது. அதை ஏற்பாடு செய்தவை அபுதாபியில் ஔதா நடத்தும் சர்வதேச வானியல் நிலையமும் ஐக்கிய அரபு அமீரக விண்வெளி முகவரகமும். பிறை பார்ப்பதில் தொடங்கிய பயணம் அதுவரை போனது.

*வட்ஸ்அப்பும் கொப்பியும்*

இன்று வானில் ஏதாவது ஒளி தெரிந்தால் நம் ஊர்களில் நடப்பது என்ன? பத்து நிமிடத்தில் வட்ஸ்அப்பில் வீடியோ. எந்த ஊர், எத்தனை மணி, எந்தத் திசை ஒன்றும் இருக்காது. பழைய வீடியோவாகவும் இருக்கலாம். அதற்குக் கீழே மறுமை நாளின் அடையாளம் என்று ஒரு குரல்பதிவு. அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் பயந்துபோய் வருகிறார்கள். மறுமை நாளை நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை வதந்திக்குத் துணையாக இழுப்பதுதான் தவறு. மகன் இறந்த நாளிலேயே நபியவர்கள் மறுத்த பேச்சை, நாம் ஒரு விரல் அழுத்தலில் நூறு பேருக்கு அனுப்புகிறோம்.

ஆகவே ஊருக்கு ஒரு சின்ன வேண்டுகோள்.

1. பள்ளிவாசலில் அல்லது பாடசாலை விஞ்ஞான மன்றத்தில் ஒரு பிறைக் கொப்பி வைப்போம். ஒவ்வொரு மாதமும் பார்த்த இடம், பார்த்தவர்கள், சூரியன் மறைந்த நேரம், மேகம் இருந்ததா, பிறை தெரிந்ததா இல்லையா, தெரிந்தால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதுவோம். தீர்ப்புச் சொல்வது வழமைபோல் உரியவர்களின் பொறுப்பு. நாம் எழுதி மட்டும் வைப்போம்.

2. சூரியன் முழுதாக மறையும் முன் யாரும் பைனாகுலரை மேற்கே திருப்பக்கூடாது. கண் போய்விடும். பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

3. ஒவ்வொரு வருடமும் மே 5, 6ஆம் திகதிகளை ஒட்டி, ஸுபஹுக்கு முன் கிழக்கே பாருங்கள். ஹாலியின் வால்வெள்ளி விட்டுப்போன தூசிதான் அப்போது எரிவெள்ளியாகத் தெரிவது. பிறை பார்க்கும்போது நமக்கு மேற்கே கடல் இல்லை. ஆனால் இதற்கு நமக்குத்தான் வசதி. கிழக்கே வெளிச்சமில்லாத கடல். தொலைகாட்டி வேண்டாம். ஒரு பாய், ஒரு மணிக்கூடு, ஒரு பென்சில் போதும். பதினைந்து நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் பூச்சியம் என்று எழுதுங்கள்.

4. பெரிய தீப்பிழம்பு ஒன்றைக் கண்டால் யன்னலுக்கு அருகில் போக வேண்டாம். 2013 பெப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தபோது வெளிச்சம் முதலில் வந்தது, அதிர்வு பின்னால் வந்தது. காயப்பட்டவர்களில் பெரும்பாலானோரை வெட்டியது யன்னல் கண்ணாடி. அங்கே ஓர் ஆசிரியை வெளிச்சத்தைக் கண்டதும் தன் 44 மாணவர்களையும் குனியச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காயப்பட்டது ஆசிரியைக்கு மட்டும்.

5. வீடியோ வந்தால் அனுப்ப முன் கேளுங்கள்: எங்கே, எப்போது, எந்தத் திசை, யார் கண்டது? பதில் இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

902இலும் 1202இலும் நம் முன்னோர் எழுதிய அந்த மழைக்குக் காரணமான டெம்பல்-டட்டில் வால்வெள்ளி அடுத்து 2031இல் சூரியனுக்கு அருகில் வருகிறது. அந்த நவம்பர்களில் மழை பெரிதாக இருக்குமா, சிறிதாக இருக்குமா என்பது வேறு கதை. இன்று நம்மிடம் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது வாலிபர்கள். அவர்கள் போனைத் தூக்குவார்களா, கொப்பியைத் திறப்பார்களா என்பது இப்போது நாம் என்ன பழக்குகிறோம் என்பதில் இருக்கிறது.

அடுத்த 29ஆம் நாள் தூரமில்லை. இன்ஷா அல்லாஹ், போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். கையில் ஒரு பென்சிலோடு.